குத்துக்கல்வலசை - விஜயநாராயணம்: வழி பிரான்ஸ்!

பஸ் போர்டு மாதிரி இருக்கேன்னு பார்க்கறீங்களா? பஸ் கதைதான். ஆனா, இந்த பஸ் நடுவுல கொஞ்ச நேரம் கடலுக்கு அடியில போகும். கெட்டியா பிடிச்சுக்குங்க!

முதல்ல எங்க ஊர். குற்றாலத்துக்கு வர்ற எல்லாருக்கும் தென்காசி தெரியும். தென்காசியை ஒட்டியே இருக்கிற குத்துக்கல்வலசை தெரியாது. மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், பார்டர் புரோட்டான்னு ஓடிட்டுப் போயிடுவீங்க. ஊர்ப் பேரைச் சொன்னாலே காலேஜ்ல சிரிப்பாங்க. 'குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கான்'னு திட்டுவாங்களே, அந்தக் குத்துக்கல்தான். நட்டுவைத்த கல். வலசைன்னா இடம்விட்டு இடம் போறது. நகராத கல்லும் நகர்ந்துகிட்டே இருக்கிற கூட்டமும் ஒரே பேர்ல. எங்க பெரியம்மா வீட்டுக்கு இந்தப் பேர் அப்படியே பொருந்தும். பெரியம்மா திண்ணையை விட்டு அசைய மாட்டாங்க. அவங்க பையன், எங்க அண்ணன், ஊர்லயே இருக்க மாட்டான்.

அண்ணன் நேவியில இருக்கான். அதுவும் சப்மரீன்ல. எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம்னு நான் எழுதப் போறதில்லை. அவனும் எங்ககிட்ட சொன்னதில்லை. கிளம்பறதுக்கு முன்னாடி "கொஞ்ச நாளைக்கு போன் வராது"ன்னு ஒரு வரி. அவ்வளவுதான். அப்புறம் வாரக்கணக்குல ஒண்ணும் இருக்காது. மொபைலை எடுத்தா, 'தொடர்பு எல்லைக்கு அப்பால்'. அந்தப் பொண்ணு குரல் பெரியம்மாவுக்கு மனப்பாடம்.

போன ஆடியில, சாரல் தூறிக்கிட்டு இருந்த ஒரு சாயங்காலம். பெரியம்மா மடியில பீடித் தட்டு. இலையை வெட்டிக்கிட்டே திடீர்னு கேட்டாங்க:

"ஏலே, நீதான் இன்ஜினீயருக்குப் படிக்கேல்லா... இந்தத் தண்ணிக்குள்ள போற கப்பலைக் கண்டுபிடிச்சவன் எவம்லே? அவன் நல்லாருப்பானா?"

நான் ட்ரிபிள் ஈ மூணாவது வருஷம். மூணு அரியர் க்ளியர் பண்ண அனுபவசாலி. ஆனா, இந்தக் கேள்விக்கு பதில் தெரியலை. தேடிப் படிச்சேன். படிச்சதையெல்லாம் பெரியம்மாகிட்ட சொன்னேன். அது போதாம அவங்க அடுத்த கேள்வியைப் போட்டாங்க: "போன் போகாதுங்கிற. அப்போ அவனுக்கு ஒரு சேதி சொல்லணும்னா மேலதிகாரி எப்படிலே சொல்லுவாவ?"

அதுக்கு பதில் நம்ம பக்கத்துலயே இருக்கு. கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தூரத்துல, நாங்குநேரியைத் தாண்டி, விஜயநாராயணத்துல. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன். நீங்களும் வர்றதா இருந்தா, சீட் வேணும்னா தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கே போய் திருநெல்வேலி பஸ் ஏறிடுங்க. வழியில ஏறினா கம்பிதான்.

பஸ் பாவூர்சத்திரம் தாண்டுறதுக்குள்ள பெரியம்மாவோட முதல் கேள்வியை முடிச்சிடலாம்னு பார்க்கறேன். முடியாது போல. ஏன்னா, கண்டுபிடிச்சது ஒரு ஆள் இல்லை. ஆனா, 'இது நேவிக்கு ஆகும்'னு விடாப்பிடியா நின்ன நாடு எதுன்னு கேட்டா தயங்காம சொல்லலாம். பிரான்ஸ்!

கதை 1863ல ஆரம்பிக்குது. ரோஷ்ஃபோர்ங்கிற துறைமுகத்துல 'பிளோன்ஷர்'னு ஒரு கப்பலைத் தண்ணியில இறக்கினாங்க. 'முக்குளிக்கிறவன்'னு அர்த்தம். சிமியோன் பூர்ஷுவாங்கிற கடற்படை அதிகாரியும் சார்ல் ப்ருங்கிற இன்ஜினீயரும் கட்டினது. 42 மீட்டருக்கு மேல நீளம். அதுவரைக்கும் சப்மரீன்னா உள்ளே உட்கார்ந்து ஆளுங்க கையால சுத்தணும். இதுல முதல்முறையா இயந்திரம். அடக்கிவச்ச காத்தால ஓடுற இயந்திரம். தண்ணிக்குள்ள நெருப்பு மூட்ட முடியாது, அதனால சிலிண்டர்கள்ல காத்தை அழுத்தி அடைச்சு எடுத்துட்டுப் போனாங்க. கப்பலோட பெரும்பகுதி காத்துத் தொட்டிதான். இருந்தும் ரொம்ப தூரம் போகலை. அதைவிட மோசம், தண்ணிக்குள்ள போனதும் சீசா மாதிரி முன்னும் பின்னும் ஆடுச்சு. மூக்கு போய் தரையில முட்டும், மேல எழும்பும், மறுபடி முட்டும். கடைசியில இயந்திரத்தை மாத்தி கடற்படைக்குத் தண்ணி சுமக்க விட்டுட்டாங்க. உலகத்தோட முதல் இயந்திர சப்மரீன், தண்ணி லாரி ஆயிடுச்சு!

ஆனா, இந்தத் தோல்வியை ஒருத்தர் உத்துப் பார்த்தார். 1867 பாரீஸ் கண்காட்சியில பிளோன்ஷரோட மாடலைப் பார்த்தவங்கள்ல ஜூல்ஸ் வெர்னும் ஒருத்தர். கொஞ்ச வருஷத்துல 'நாட்டிலஸ்' கப்பலும் கேப்டன் நெமோவும் பொறந்தாங்க. பள்ளிக்கூடத்துல சுருக்கிப் படிச்சிருப்பீங்க. நெமோ யாருன்னு அந்தக் கதையில தெரியாது. அடுத்து வந்த 'மர்மத் தீவு' நாவல்லதான் வெர்ன் உடைக்கிறார். நெமோ ஒரு இந்திய இளவரசன். பேர் தக்கார். புந்தேல்கண்ட்காரன். 1857ல வெள்ளைக்காரனை எதிர்த்துத் தோத்துட்டு கடலுக்குள்ள போனவன். நாட்டிலஸ் நம்ம மன்னார் வளைகுடா முத்துக்குளிப்புப் பக்கம் வர்ற கட்டம்கூட முதல் நாவல்ல உண்டு. ஒரு ஏழை முத்துக்குளிக்கிறவனை சுறாகிட்ட இருந்து நெமோ காப்பாத்துவார். இதைச் சொன்னப்ப பெரியம்மா கேட்டது, "அவுக அம்மா எங்க இருந்தா?" வெர்ன் அதை எழுதலை பெரியம்மா.

கதையில நாட்டிலஸ் மின்சாரத்துல ஓடுச்சு. நிஜத்துல மின்சாரத்துல ஓட இன்னும் பல வருஷம் ஆச்சு.

ஆலங்குளம் தாண்டிட்டோம். ரெண்டு பக்கமும் காத்தாடிகள் சுத்துது. மின்சாரம் பத்திப் பேச நல்ல இடம்.

1880கள்ல பிரான்ஸுக்கு ஒரு தலைவலி. இங்கிலாந்துகிட்ட இருக்கிற அளவுக்குப் போர்க்கப்பல் கட்ட முடியாது. கட்டினா கஜானா காலி. தெயோஃபில் ஓப்-ங்கிற அட்மிரல் சொன்னார், யானைக்கு யானை எதுக்கு, எறும்பு போதும்னு. அதாவது, சின்னச் சின்னப் படகு, அதுல டார்பீடோ. பெரிய கப்பலோட அடிவயித்துல ஒரே குத்து. 1886ல அவர் கடற்படை அமைச்சர் ஆனார். உடனே ஒரு சப்மரீனுக்கு ஆர்டர். டிசைன் துப்புய் த லோம் என்ற பெரிய கப்பல் மேதையோட கனவு. அவர் 1885லயே இறந்துட்டார். நண்பர் குஸ்தாவ் ஸெடே அதை எடுத்துக் கட்டினார்.

மோட்டார் யார் செஞ்சது தெரியுமா? ஆர்தர் கிரெப்ஸ் என்ற ராணுவ கேப்டன். இவர் அதுக்கு முன்னாடி செஞ்சது ஆகாயக் கப்பல்! 1884 ஆகஸ்ட் 9ல இவரும் ரெனாரும் பேட்டரி மோட்டார் வச்ச பலூன்ல 8 கிலோமீட்டர் பறந்து, கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்தாங்க. அதுக்கு முன்னாடி எந்த பலூனும் அப்படித் திரும்பினதில்லை. வானத்துக்கு ஓடின ஐடியாவை அப்படியே கவிழ்த்து தண்ணிக்குள்ள விட்டாங்க. யோசிச்சா ரெண்டும் ஒண்ணுதான். வெளிக்காத்தை நம்பாம ஓடணும், எடை குறைவா இருக்கணும், புகை கூடாது.

1888 செப்டம்பர் 24. தூலோன் துறைமுகம். பேர் 'ஜிம்னோட்'. ஷாக் அடிக்கிற தென் அமெரிக்க விலாங்கு மீனோட பேர். நீளம் 18 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, குறுக்களவு 1.8 மீட்டர். எடை 30 டன். உள்ளே 5 பேர். நம்ம டவுன் பஸ்ஸைவிட ஒடுக்கமான ஒரு இரும்புக் குழாயை நினைச்சுக்குங்க. அதுக்குள்ள 564 பேட்டரி செல். 55 குதிரைசக்தி மோட்டார். தண்ணிக்குள்ள மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம். சைக்கிள்ல போனா முந்திடலாம்.

564 செல்லுங்கிற எண்ணிக்கையைப் படிச்சதும் எனக்கு முதுகு சிலிர்த்துச்சு. காரணம் இருக்கு. ரெண்டாவது வருஷம் மினி புராஜெக்ட்டுக்காக பழைய லெட்-ஆசிட் பேட்டரி நாலைக் கடன் வாங்கி, லேபோட பின்ரூம்ல வச்சு ராத்திரி சார்ஜ் போட்டோம். மழைன்னு ஜன்னலைச் சாத்திட்டோம். கொஞ்ச நேரத்துல கண்ணெரிச்சல், தொண்டை எரிச்சல். லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஓடி வந்து முதல்ல ஜன்னலைத் திறந்தார், அப்புறம்தான் எங்களைத் திட்டினார். "சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும்டா, ஒரு பொறி பட்டா அவ்வளவுதான்!" என் ஜீன்ஸ்ல ஆசிட் பட்ட ஓட்டை இன்னும் இருக்கு. நாலு பேட்டரிக்கே இந்தக் கதி. ஜன்னலே இல்லாத குழாய்க்குள்ள 564ஐ வச்சுக்கிட்டு, மூடியைச் சாத்திட்டு, கடலுக்குள்ள இறங்கின அந்த அஞ்சு பேர் என்ன ஆளுங்க! ஜிம்னோட்ல இருந்தது வேற வகை, காரக் கரைசல் செல். பின்னாடி அதுலயும் லெட்-ஆசிட் வந்துச்சு. எதுவா இருந்தாலும் மூடின அறைதானே.

ஆழத்தைச் சரியா பிடிக்கிறதும் பாடாத்தான் இருந்துச்சு. ஆரம்பத்துல சுக்கான் பலகை பின்னாடி மட்டும்தான். கொஞ்சம் சாய்ச்சா மூக்கு கீழே, கொஞ்சம் நிமிர்த்தினா மேல. வெளியே பார்க்க அந்தக் காலத்து பெரிஸ்கோப். தெரிஞ்சது பாதி, தெரியாதது பாதி. அப்படியும் ஜிம்னோட் ஓட்டை உடைசல்னு ஓரங்கட்டப்படலை. பயிற்சியில கடல் முற்றுகையைத் தாண்டி கண்ணுல படாமப் போய்க் காட்டுச்சு. திரும்பத் திரும்ப முக்குளிச்சு, ஒவ்வொரு தப்பையும் கண்டுபிடிக்கிற பரிசோதனைச் சாலையா இருந்துச்சு. எனக்கு பிரான்ஸ்காரங்ககிட்ட பிடிச்சதே இதுதான். மத்த இடங்கள்ல ஒரு ஆள் கட்டுவான், ஒருதரம் மூழ்குவான், பணம் தீரும், கதை முடியும். இங்க ஒரு அரசாங்கமே தோத்துத் தோத்து நோட்டு எழுதுச்சு. அரியர் வச்சவனுக்குத்தான் அந்த அருமை தெரியும்!

அடுத்தது 48 மீட்டர்ல பெரிய கப்பல், 1893ல. 'சிரேன்'னு வைக்க இருந்தாங்க. 1891ல ஸெடே இறந்துபோக, அவர் பேரையே வச்சாங்க. பேர் ராசி ஆரம்பத்துல எடுபடலை. 720 செல், ஏகப்பட்ட பேட்டரித் தொல்லை, பாதியை எடுத்துட்டாங்க. தலைகுப்புறப் பாயற நோய் வேற. பலகைகளைக் கூட்டி, ஒருவழியா சமநிலைக்குக் கொண்டுவந்தாங்க. 1898 பயிற்சியில 'மஜென்டா'ங்கிற போர்க்கப்பலை அது டம்மி டார்பீடோவால அடிச்சப்ப, பிரான்ஸே குதிச்சுது. அதே வருஷம் ஆப்பிரிக்காவுல ஃபஷோடாங்கிற ஊர் விஷயமா இங்கிலாந்தோட முட்டி, பிரான்ஸ் பின்வாங்கின கோபம் வேற. 'லு மத்தேன்' பத்திரிகை ஜனங்ககிட்ட நன்கொடை திரட்டுச்சு. சப்மரீன் கட்ட! அப்படிக் கட்டின கப்பல்ல ஒண்ணுக்கு 'ஃபிரான்ஸே'ன்னே பேர். அதுக்கப்புறம் சில வருஷத்துல, 1906ல, இங்க பக்கத்துல தூத்துக்குடியில ஒரு வக்கீல் 25 ரூபாய் பங்கு வித்து, இங்கிலீஷ்காரன் கம்பெனிக்கு எதிரா கப்பல் விடக் கிளம்பினார். வ.உ.சி.க்கு லு மத்தேன் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்லை. எரிச்சல் ஒண்ணா இருந்தா வழியும் ஒண்ணாத்தான் இருக்கும் போல.

திருநெல்வேலி வந்தாச்சு. புது பஸ் ஸ்டாண்ட்ல டீ குடிச்சிட்டு நாகர்கோவில் பஸ் பிடிக்கணும். ஒரு டிப்ஸ்: நாங்குநேரி ஊருக்குள்ள போகுமா, பைபாஸ்லயே போயிடுமான்னு கண்டக்டர்கிட்ட கேட்டுட்டு ஏறுங்க. கேட்காம ஏறினா ஹைவேயில இறங்கி வெயில்ல நடக்கணும். எப்படித் தெரியும்னு கேட்காதீங்க.

வெயில்ல நடந்தபடி யோசிச்சது, கதையிலயே முக்கியமான ஆளைப் பத்தி. மாக்ஸிம் லோபஃப்.

ஜிம்னோட்டுக்கும் ஸெடேவுக்கும் ஒரே வியாதி. பேட்டரி தீர்ந்தா அவ்வளவுதான். மறுபடி சார்ஜ் போட துறைமுகத்துக்கு வரணும். மொபைல் வாங்கிட்டு சார்ஜரை வீட்லயே விட்டுட்டுப் போற மாதிரி. 1896ல கடற்படை அமைச்சர் லொக்ருவா ஒரு போட்டி அறிவிச்சார். 200 டன்னுக்குள்ள ஒரு கப்பல். தண்ணிக்கு மேல 100 மைல் போகணும், அடியில 10 மைல் போகணும். 29 டிசைன் வந்துச்சு. ஜெயிச்சது லோபஃபோட 'நார்வால்'. 1899 அக்டோபர்ல ஷெர்பூர்ல தண்ணியைத் தொட்டுச்சு.

லோபஃப் கேட்டது சின்னக் கேள்வி. சப்மரீன் எப்பவும் எதுக்கு அடியிலயே இருக்கணும்? மேல மிதக்கும்போது சாதாரணக் கப்பல் மாதிரி நீராவி இன்ஜின்ல போகட்டும். அந்த இன்ஜினாலேயே பேட்டரியும் ஏறட்டும். எதிரி தெரிஞ்சா மட்டும் மூழ்கி மோட்டார்ல போகட்டும். உடம்பும் ரெண்டு அடுக்கு. உள்ளே அழுத்தம் தாங்குற குழாய், வெளியே கப்பல் வடிவத்துல ஓடு, நடுவுல தண்ணித் தொட்டி. சார்ஜரைக் கையோட எடுத்துட்டுப் போனார், அவ்வளவுதான். குறையும் இருந்துச்சு. கொதிகலனை அணைச்சு, புகைபோக்கியை மடிச்சு, மூழ்கி முடிக்க 20 நிமிஷம். எதிரி அதுவரை குத்துக்கல்லாட்டம் காத்துக்கிட்டு இருப்பானா? அணைச்ச பிறகும் உள்ளே வெந்துடும். 1904ல 'எக்ரெத்'ல டீசல் இன்ஜின் வச்சாங்க. சூடும் நேரமும் குறைஞ்சுது. டீசல் மேல, பேட்டரி கீழ. அந்த ஏற்பாடு நிலைச்சிடுச்சு.

எல்லாமே ஜெயிச்ச கதை இல்லை. 1905 ஜூலை 6, துனீசியாவுல பிஸெர்த் துறைமுகம். 'ஃபர்ஃபாதே' சப்மரீன் மூடி சரியா சாத்தாத நிலையில மூழ்கிடுச்சு. 14 பேர் செத்தாங்க. உள்ளே சில பேர் உயிரோட இருந்து சுவரைத் தட்டுற சத்தம் மேல இருந்தவங்களுக்குக் கேட்டுச்சு. தூக்க முயற்சி பண்ணாங்க, நேரத்துக்கு முடியலை.

இதைப் பெரியம்மாகிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். பொய் சொல்றதுல எனக்கு மார்க் கம்மி. சொல்லிட்டேன். பீடி சுத்துற கை நின்னுச்சு. "தட்டினாவளா?" அவ்வளவுதான் கேட்டாங்க. அப்புறம் ரொம்ப நேரம் பேசலை. மறுபடி இலையை எடுத்தப்ப, "இப்ப உள்ளது அப்படி இருக்காதுல்லா?" நான் எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் சொன்னேன். நம்ம நாட்டு முதல் சப்மரீன் 'ஐ.என்.எஸ். கல்வரி' 1967 டிசம்பர் 8ல சோவியத் யூனியன்ல இருந்து சேர்ந்தது. இப்ப அதே பேர்ல புதுக் கல்வரி. 2017 டிசம்பர் 14ல கடற்படைக்கு வந்துச்சு. பிரெஞ்சு டிசைன், மும்பை மசகான் டாக்ல கட்டினது. அந்த வரிசையில ஆறு. ஆறாவது 'வாக்‌ஷீர்' 2025 ஜனவரியில சேர்ந்துச்சு. நீளம் 67 மீட்டருக்கு மேல. உள்ளே 360 பேட்டரி செல், ஒவ்வொண்ணும் 750 கிலோ. ஹைட்ரஜன் அளவைப் பார்க்கக் கருவி, எரிச்சுக் கரைக்க ஏற்பாடு, காத்தைச் சுத்தம் பண்ண மெஷின்...

பெரியம்மா நடுவுல நிறுத்தி, "பாட்டரிதானா இன்னும்?" ன்னாங்க.

ஆமாம். அதுதான் எனக்கும் ஆச்சரியம். 1899ல லோபஃப் போட்ட கணக்கு மாறவே இல்லை. அணுசக்தி சப்மரீன் வேற ஜாதி. டீசல்-எலெக்ட்ரிக் சப்மரீன்னா இன்னிக்கும் டீசல் ஓட்டித்தான் பேட்டரி ஏத்தணும், டீசலுக்குக் காத்து வேணும், காத்துக்கு ஒரு குழாயையாவது தண்ணிக்கு மேல நீட்டணும். நீட்டுற நேரம் ஆபத்தான நேரம். அதனால முடிஞ்சவரை அடியிலயே, அமைதியா. அண்ணன் போன் ஏன் வரலைங்கிறதுக்கான பதில்ல பாதி, தூலோன்லயும் ஷெர்பூர்லயும் எழுதினது.

மீதிப் பாதிக்குத்தான் இந்த பஸ்.

நாங்குநேரியில இருந்து விஜயநாராயணத்துக்கு டவுன் பஸ் கிடைச்சுது. எங்க ஊர்ச் சாரல் இங்க வாசனைக்குக்கூட இல்லை. மேற்கே மலை கோடா நிக்குது, கீழே தட்டைத் தரை, பனை, உடைமரம். பஸ்ல பக்கத்து சீட் தாத்தாகிட்ட "கோபுரம் எங்க தாத்தா தெரியும்?"னு கேட்டேன். "எங்க இருந்து பார்த்தா தெரியாதுன்னு கேளு"ன்னார். சரியாத்தான் சொன்னார். திருப்பத்துல திரும்பினதும் தெரிஞ்சுது. முதல்ல ஒரு கோடு. அப்புறம் பல கோடு. யாரோ வானத்துல பென்சிலால நேரா கிழிச்ச மாதிரி.

ஐ.என்.எஸ். கட்டபொம்மன். பேரைப் பார்த்துட்டு கப்பல்னு நினைக்காதீங்க. கடற்படையில கரை நிலையங்களுக்கும் 'ஐ.என்.எஸ்.'தான். 1990 அக்டோபர்ல திறந்தாங்க. 2014ல இன்னொரு புது அமைப்பும் சேர்ந்துச்சு. அதோட கம்பங்கள் 471 மீட்டர் உயரம். இந்தியாவுல மனுஷன் கட்டினதுலயே உயரமானதுன்னு பட்டியல்ல இதைத்தான் போடறாங்க. தென்காசிக் கோயில் ராஜகோபுரம் சுமார் 180 அடி. அதை எட்டு தடவை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினாலும் பத்தாது. இரும்புக் குத்துக்கல்!

உள்ளே போக நமக்கு அனுமதி கிடையாது. நான் கேட்கவும் இல்லை. ரோட்டுல நின்னு பார்த்ததோட சரி. கேமராவை வெளியே எடுக்காதீங்க, பத்து நிமிஷத்துக்கு மேல ஒரே இடத்துல நின்னு அண்ணாந்து பார்க்காதீங்க. கழுத்தும் வலிக்கும்.

இவ்வளவு உயரம் எதுக்கு? நம்ம பக்கத்து இன்ஜினீயரிங் பிள்ளைங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கடல் தண்ணி உப்பு. உப்புத் தண்ணி மின்சாரத்தைக் கடத்தும். அதனால ரேடியோ அலையை விழுங்கிடும். எஃப்.எம். அலை ரெண்டரை சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே மூணுல ஒரு பங்கா சுருங்கிடும். மொபைல் சிக்னல் பத்திப் பேசவே வேண்டாம். ஆனா, அதிர்வெண் குறையக் குறைய அலை ஆழமாப் போகும். 18 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல வந்தா அதே அளவு சுருங்கறதுக்கு கிட்டத்தட்ட 1.9 மீட்டர் ஆகும். 10 மீட்டர் ஆழத்துல சுமார் இருநூறுல ஒரு பங்கு மிஞ்சும். நல்ல ரிசீவருக்கு அது போதும். அந்த அலையோட நீளம் 16 கிலோமீட்டருக்கு மேல. தென்காசியில இருந்து குற்றாலம் போய், திரும்பி வந்து, மறுபடி போற தூரம், ஒரே ஒரு அலை! அதுக்கு ஏத்த ஆன்டெனா நாலு கிலோமீட்டர் உயரத்துல நிக்கணும். யாரால முடியும்? அதனால முடிஞ்ச உயரத்துக்குக் கம்பத்தை நட்டு, உச்சியில இருந்து குடைக் கம்பி மாதிரி நாலாபக்கமும் ஒயரை இழுத்துக் கட்டி ஈடு பண்றாங்க. சுத்தி ஒண்ணுமில்லாத தட்டைத் தரை அதுக்குத்தான் வேணும்.

ஜிம்னோட்டைத் தண்ணியில விட்ட அதே 1888ல ஜெர்மனியில ஹெர்ட்ஸ் தன் அறையில ரேடியோ அலைகளைப் பிடிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தார். ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தேவைன்னு தெரியாது. ஜிம்னோட்காரங்க அஞ்சு பேரும் மூடியைச் சாத்தின நிமிஷத்துல இருந்து உலகத்தோட தொடர்பு அறுந்தவங்கதான். மறுவருஷம் 1889ல பாரீஸ்ல ஈஃபில் கோபுரம் நிமிர்ந்துச்சு. 20 வருஷம் கழிச்சு இடிச்சிருக்க வேண்டியது. ராணுவ ரேடியோ ஆன்டெனாவா ஆனதாலதான் அது தப்பிச்சுது. இப்ப அதோட உயரம் 330 மீட்டர். விஜயநாராயணம் அதைவிட 141 மீட்டர் கூட. செல்ஃபி எடுக்க முடியாதுங்கிறதுதான் குறை.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு தொண்டையில நின்னுச்சு. இந்தக் கம்பத்துல இருந்து போற சேதி ஒருவழிப் பாதை. சப்மரீன் கேட்கும். பதில் சொல்லாது. இவ்வளவு பெரிய ஆன்டெனாவை அது எங்க தூக்கிட்டுப் போகும்? பதில் சொல்லணும்னா மேல வரணும், ஆன்டெனாவை நீட்டணும், நீட்டினா இருக்கிற இடம் தெரிஞ்சிடும். வர்ற சேதியிலயும் குரல் கிடையாது. அவ்வளவு மெதுவான அலையில பேச்சு ஏறாது. எழுத்துகள்தான், அதுவும் எண்ணி எண்ணி. இங்கிலாந்துல சப்மரீன்காரங்க வீட்ல இருந்து வாரத்துக்கு 40 வார்த்தை அனுப்ப ஒரு காலத்துல அனுமதி இருந்துச்சு. அதுக்கும் பதில் எழுத முடியாது.

சாயங்கால பஸ்ல திரும்பினேன். பாவூர்சத்திரம் வரும்போதே தூறல் முகத்துல அடிச்சுது. பெரியம்மா திண்ணையிலயே இருந்தாங்க. கம்பத்தோட உயரத்தைச் சொன்னேன், ஒயரைச் சொன்னேன், தாத்தா சொன்னதைச் சொன்னேன்.

"அப்போ நம்ம நாங்குநேரிப் பக்கத்துல இருந்து சொன்னா அவனுக்குக் கேக்கும்."

"கேக்கும் பெரியம்மா. ஆனா நேவிதான் சொல்ல முடியும்."

"சொல்லட்டும். யாராவது சொன்னா சரிதான்."

அதுக்கப்புறம் பதினோரு நாள் கழிச்சு ஒரு மத்தியானம் போன் வந்துச்சு. கரைக்கு வந்துட்டானாம். நான் வாங்கி ஆர்வமா நார்வால் பத்தி ஆரம்பிச்சேன். "அதெல்லாம் ட்ரெயினிங்லயே சொல்லித் தந்தாவடே, போனை அம்மாட்ட குடு"ன்னுட்டான். பெரியம்மா வாங்கி, எங்க இருக்கேன்னு கேட்கலை. "ஏலே, உங்க கப்பலை முதல்ல யாரு செஞ்சான்னு ஒனக்குத் தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சாங்க. 564 செல் அறுநூறு ஆச்சு. தூலோன், தூத்துக்குடி ஆச்சு. பலூன்ல பறந்த கேப்டன் அந்த பலூனோடயே கடல்ல குதிச்சார். நான் திருத்தப் போனேன், கையைக் காட்டி அடக்கிட்டாங்க.

ஸ்பீக்கர்ல அண்ணன் பக்கம் சத்தமே இல்லை. கட் ஆயிடுச்சோன்னு ஸ்கிரீனைப் பார்த்தேன். நிமிஷம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான்.